ஸ்கார்பரோ கடிதம்: குண்டுப் பூனையின் பத்தியம்

கனடாவில் வீட்டுப் பூனை குண்டாவதற்குத் தனியாக எந்த முயற்சியும் தேவையில்லை. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். துரத்த எலி கிடையாது, ஏற மதில் கிடையாது. கிண்ணத்தில் மட்டும் எந்நேரமும் உலர்தீனி. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் மற்றவருக்குத் தெரியாமல், "பாவம், பசிக்குது" என்று ஒரு பிடி போடுவார்கள். கருத்தடை செய்த, பத்து வயது தாண்டிய பூனைக்கு இது தாராளம். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு இருந்த இடமே தெரியாது.

செய்தி ஊருக்குப் போனதும் அம்மம்மாவின் வைத்தியம் தொலைபேசியில் வந்துவிடும்: "ரெண்டு நாள் பட்டினி போடு, தன்பாட்டில வத்தும்." ஏகாதசி விரதம் மனிதரோடு நிற்க வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்கிறது. ஈரல் செயலிழந்து உயிரே போகலாம். பத்தியத்தில் இருக்கும் பூனையும் தினமும் சாப்பிட்டாக வேண்டும்.

தொடங்குமுன் மிருக வைத்தியரிடம் இரத்தமும் சிறுநீரும் சோதிப்பது அவசியம். கிழப் பூனைக்குத் தைரொய்டு, சிறுநீரகம், நீரிழிவு என்று ஏதாவது ஒளிந்திருக்கலாம். இன்சுலின் போடும் பூனையானால் உணவோடு மருந்தின் அளவையும் வைத்தியரே மாற்ற வேண்டும்.

பிறகு கணக்கு. 7 கிலோ பூனை 5 கிலோவுக்கு இறங்க வேண்டுமென்றால், வழக்கமான சூத்திரப்படி நாளுக்கு ஏறத்தாழ 190 கலோரி. உலர்தீனியில் அது சுமார் 50 கிராம். குத்துமதிப்பாக அள்ளாமல் குசினித் தராசில் நிறுக்க வேண்டும். பூனை பிறவி மாமிச உண்ணி. தசை வற்றாமல் கொழுப்பு மட்டும் குறையப் புரதம் நிறைய வேண்டும். முக்கால் பங்கு தண்ணீராக இருக்கும் டின் உணவு குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்பும். புது உணவுக்கு ஏழெட்டு நாளில் மெல்ல மெல்ல மாற்றினால்தான் முகம் திருப்பாது.

பத்தியத்தைக் குலைப்பது பெரும்பாலும் பூனையல்ல, குசினிதான். மீன்குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். பழமொழிகளில் வரும் பூனைப் பாலிலும் சிக்கல் உண்டு: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். பூனையின் அதிகாலை நாலு மணி அழுகைக்கு மனம் இளகாதவர் அந்த வீட்டில் ஒருவராவது வேண்டும். இல்லையேல் நேரம் பார்த்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் வாங்குவது நல்லது.

கிழமைக்கு ஒரு வீதம், அதாவது 70 கிராம் குறைந்தால் போதும். இரண்டு கிலோ குறைய ஏழு மாதமளவில் ஆகும். நவம்பர் பனியில் தொடங்கினால் ஜூனில் முடியும். நிறுக்கும் முறை எளிது: பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். கழிக்கும் எண் கிழமைக்குக் கிழமை கூடினால் அதற்கு மிருக வைத்தியர் பொறுப்பல்ல.