உப்பு வேகனுக்கு என்ன நிறம்?

கேள்வி: அகஸ்தியம்பள்ளியில் உப்பு ஏற்றிய மீட்டர்கேஜ் வேகன்களை அட்டையில் செய்கிறேன். எந்த ஸ்ப்ரே பெயின்ட் பொருந்தும்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கடையில் ‘ரெட் ஆக்சைடு’ கேளுங்கள், ஐ.எஸ். 5 வண்ண அட்டையில் எண் 446. டப்பா மூடியின் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். துண்டு அட்டைகளில் வெள்ளை பிரைமர் மேல் ஒன்று, சாம்பல் பிரைமர் மேல் ஒன்று அடித்து, காய்ந்தபின் வெயிலில் பாருங்கள். வெள்ளை மேல் அடித்தது பளிச்சென்றிருக்கும். நிஜ வேகனின் நிறத்தை அப்படியே குட்டி வேகனுக்கு அடித்தால் கருத்துத் தெரியும்; கொஞ்சம் வெளுத்ததையே எடுங்கள். கதவோரத்தில் துருவும் உப்புப் பூப்பும் கட்டாயம் வேண்டும். உப்பு சுமந்த வேகன் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றால் உங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? முடிந்ததும், 2023இல் அகலப்பாதையில் திரும்பி வந்த ரயிலையும் செய்யுங்கள்.