ஒரிஜினல் படிக்கிற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, காலேஜுல உலக இலக்கியம் படிக்கியாமே, நல்லா இரு. பொங்கலுக்கு வந்தப்போ நான் திண்ணையில ‘அன்னை வயல்’ வாசிச்சுக்கிட்டு இருந்தேன். “தமிழ்ல படிச்சா சாரம் போயிரும் தாத்தா, நான் ஒரிஜினல்தான் படிப்பேன்”னே. உன் பையை எட்டிப் பாத்தேன். டால்ஸ்டாய் இருந்தாரு, இங்கிலீஷ்ல. மனுசன் யாஸ்னயா பொல்யானாவுல உக்காந்து இங்கிலீஷ்லயால எழுதினாரு?

உங்க பாடத்துக்கு மூலபுருசன் கதே. 1827-ல உலக இலக்கியம்னு அவரு பேச்செடுத்தப்போ கையில இருந்தது சீன நாவல். சீனம் தெரியுமான்னா, தெரியாது. பாரசீகத்து ஹாபிஸையும் ஜெர்மன்ல வாசிச்சுட்டுத்தான் 1819-ல ஒரு திவானே, அதான் கவிதைத் தொகுப்பே, போட்டாரு. சாகுந்தலம் கதை இன்னும் வேடிக்கை. கல்கத்தாவுல ஜட்ஜா இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதை முதல்ல லத்தீனுக்குக் கொண்டுபோயி, அங்கிருந்து இங்கிலீஷுக்கு இழுத்தாந்து 1789-ல அச்சுப்போட்டாரு. 1791-ல ஃபார்ஸ்டர் அதை ஜெர்மன் ஆக்கினாரு. இப்படி மூணு வீடு மாறி வந்த சகுந்தலையைப் பாத்துக் கிறங்கித்தான் கதே பாட்டுக் கட்டினாரு. நீ பக்கத்துல இருந்திருந்தா, “சாரம் போயிருச்சு, எந்திரிங்க”ன்னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பே.

என் கிழவிக்கு வாரேன். கிர்கீசியாக்காரி, பேரு தோல்கொனாய். நான் வாசிச்சுக்கிட்டு இருந்த ‘அன்னை வயல்’ல வாரவ; ஐத்மாத்தவ் எழுதினது. சண்டையில புருசனையும் மூணு மகனையும் பறிகொடுத்துட்டு வயல்கிட்டப் பேசுதா; வயலும் பதில் சொல்லுது. வயலு பேசுறது எனக்கு விளங்கும், உங்க வாத்தியாருக்குத்தான் அதுக்கும் ஒரு கோட்பாடு வேணும்.

அதுக்காக, ‘அடடே, நம்மூருப் பாட்டி மாதிரியே’ன்னு மூடி வச்சிராதலே. அவ கூட்டுப்பண்ணையில வேலைக்குத் தலைவி. பிள்ளைக வாய்க்கு வச்சிருந்த தானியத்தை வீடு வீடாக் கேட்டு விதைக்குச் சேத்தா. பட்டாளத்துக்குப் போகாம ஒளிஞ்சு திரிஞ்சவங்க அதைக் களவாண்டுட்டுப் போயிட்டாங்க. அந்தச் சண்டையும் அந்தப் பண்ணையும் என்னன்னு தெரியாட்டா அவ அழுகை உனக்குப் பாதிதான் கேக்கும். அங்கதாம்லே உன் படிப்புக்கு வேலை. அதை விட்டுட்டுச் சாரத்தை அளந்துக்கிட்டுத் திரியுதே.

இன்னொண்ணு. உன் டால்ஸ்டாயோட ‘போரும் அமைதியும்’ அம்புட்டையும் தமிழாக்கினவரு தென்காசிக்காரரு, டி.எஸ். சொக்கலிங்கம். தினமணிக்கு ஆசிரியரா இருந்தவரு. பரீட்சையில டால்ஸ்டாய்க்குப் பக்கத்துல அவரு பேரையும் எழுது. எந்தப் புஸ்தகம் எடுத்தாலும் மொழிபெயர்த்தவன் யாருன்னு பாரு. அட்டையில இல்லேன்னா உள்பக்கத்துல பொடி எழுத்துல கிடக்கும். கண்ணு தெரியலேன்னா சொல்லு, என் கண்ணாடியைத் தாரேன்.