தேயிலையும் அஷ்ஷாயும்

கேள்வி: கேமரன் மலையின் தேயிலையை அரபு மொழி 'ஷாய்' என்று அழைப்பது ஏன்? (வாசகர், தானா ராத்தா)

பதில்: இரண்டும் ஒரே சீன எழுத்துக்குப் பிறந்த இரட்டையர். ஹொக்கியன் பேச்சின் 'தே' கப்பலேறி மலாயிலும் 'தே'யாக நிலைத்து, தமிழில் 'இலை'யோடு சேர்ந்து, யகர உடம்படுமெய் பெற்றுத் 'தேயிலை' ஆயிற்று. பிற சீனப் பேச்சுகளின் 'ச்சா' பாரசீகத்தில் 'ச்சாய்' ஆகி, அந்தச் சகர ஒலி இல்லாத செவ்வரபில் 'ஷாய்' என நின்றது.

இதனுடன் 'அல்' என்னும் சுட்டு முன்னொட்டு சேரும்போது, 'நல்+நாடு' நன்னாடு ஆவதைப் போலவே, லகரம் அடுத்த எழுத்தாகத் திரிந்து 'அஷ்ஷாய்' என ஒலிக்கிறது. இவ்வாறு லகரத்தை விழுங்கும் எழுத்துகளை அரபு இலக்கணிகள் 'சூரிய எழுத்துகள்' என்பர். அரபில் தாவரப் பெயர்கள் பலவும் தொகுதிப் பெயர்களே: 'வர்த்' என்பது ரோஜா இனம், விகுதி சேர்ந்த 'வர்தா' ஒற்றை ரோஜா. வந்தேறிய ஷாய்க்கோ அவ்விகுதி வாய்க்காததால், ஒரு செடியைக் குறிக்க 'ஷஜரத்துஷ் ஷாய்', அதாவது 'தேயிலை மரம்', என்று சொல்வதுண்டு. 1929இல் தொடங்கிய, கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டத்தில் இடுப்பளவு நிற்கும் செடிக்கு அது மிகைப்பெயர் அன்று. கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாகவே ஓங்கும்.