விருந்தாளிக்கென்று வைத்த பீங்கான்

வாடகை வீடு மாறும் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எது சுலபமாக உடையுமோ அதை ஒருநாளும் புழங்கியிருக்க மாட்டார்கள். தினம் அடிபடும் எவர்சில்வர் தட்டுகள் சாக்குமூட்டையில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேரும். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் டின்னர் செட்டுக்குத்தான் ராஜ மரியாதை. அதில் சாப்பிடத் தகுதியான விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. எனவே தை பிறந்தால் சாமான் சுற்றப் பழைய பேப்பருக்குத் தட்டுப்பாடு. கிடைத்ததையும் சுற்றுவதற்கு முன் படித்தாக வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். லாரி வேகத்தடையில் குதிக்கும்போது மேலிருக்கும் கனமெல்லாம் அடித்தட்டின் தலையில் இறங்கும். விளிம்பில் நிறுத்தினால் தாங்கும். “நிக்க வெச்சா சாஞ்சிடாதா?” என்பார் மாமியார். இடுக்கெல்லாம் பனியனும் துண்டும் திணித்தால் சாயாது. டம்ளருக்குள்ளும் காகிதம் திணிக்க வேண்டும். பெட்டியை ஆட்டினால் சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான் சாஸ்திரம்.

அட்டைப்பெட்டியில் ஒயின் கிளாஸ் படம் போட்டிருந்தால் ‘உடையும், கவனம்’ என்று உலகம் முழுக்கப் பொருள். இங்கே சித்தப்பா மட்டும் குரலைத் தாழ்த்தி, “உள்ளே என்ன சரக்கு?” என்பார்.

அந்தப் படத்தை நம்பாதீர்கள். பெட்டியின் மேல் ‘சாமி படங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒருவரும் அதன்மேல் கால் வைக்க மாட்டார்கள்.