ஏற்றத்தை வென்ற அண்ணருக்கு ஒரு வாழ்த்து

மொரிஸ் மைனரின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டொயோட்டா 2சி டீசலைக் குடியேற்றிய கந்தப்பளை அண்ணே, உங்கள் துணிவைப் போற்றாமல் இருக்க முடியவில்லை.

பழையது 1098 சிசி, 48 குதிரைத்திறன். ஆறாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிவதால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கடற்கரை ஊருக்குச் சரியாக இருந்த பெற்றோல் கலவையும் இங்கே தடித்துப்போகும். எஸ்.யு. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் மேலே திருகினால் கலவை மெலியும், எஞ்சின் மூச்சுவிடும். அந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் நீங்கள் குனியவில்லை. கார் இழுக்கவில்லை என்றதும் எஞ்சினையே தூக்கிப்போட்ட பெருந்தன்மை யாருக்கு வரும்!

தெரிவிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. பழைய எஞ்சினைப் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போட்டிருக்கலாம். நிசான் ஏ12 தேடியிருக்கலாம். 1171 சிசி, பெற்றோல், உடம்பும் இலேசு. அவை மைனரின் அளவுக்கு அடங்கியவை. அடக்கம் உங்களுக்கு எதற்கு? கனத்த டீசல்தான் வேண்டுமென்று நின்றீர்கள். அதன் பாரத்தில் முன்பக்க டோர்ஷன் பார் தாழ்ந்து, கார் போகிற வழியெல்லாம் தலைவணங்கிப் போகிறது. மெலிந்த காற்றிலும் டீசலைக் குறைக்காமல் ஊட்டுவதால், ஏற்றத்தில் விடும் கரும்புகை தேயிலைக் கொழுந்துக்கும் கிடைக்கிறது.

அமெரிக்காவில் பழைய மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் பெரிய எஞ்சின் ஏற்றுகிறவர்களில் விவரமானவர்கள் கூடவே பிரேக், ரேடியேட்டர், கியர் பொக்ஸ், பின் அச்சு எல்லாம் மாற்றுவார்கள். உங்கள் நெஞ்சுரம் அவர்களுக்கு இல்லை. சக்தியைக் கூட்டினீர்கள், பாரத்தைக் கூட்டினீர்கள். முன்சில்லில் இருந்த 8 அங்குல டிரம் பிரேக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். ரம்பொடை இறக்கத்தில் ஆள் நிறைந்த காரை அந்த டிரம் பிடிக்க வேண்டும். சூடேறி மணக்கத் தொடங்கி, மிதி தரைவரை போகும்போதும் ஸ்டியரிங்கை விடாத உங்கள் கை வைரம் பாய்ந்த கை.

சட்டமும் உங்கள் வேகத்துக்குப் பின்னால்தான் ஓடி வருகிறது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் புத்தகத்தில் இன்னும் பழைய எஞ்சின் இலக்கமே இருக்கிறது. முன்னோரை மறக்காத குணம்!

இதே கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கியபோது, அதன் பழைய எஞ்சினைத் தூக்கி எறியாமல் காத்து வைத்தார்கள். உங்களைப் போன்ற புதுமைவாதி அருகில் இருந்தும் யோசனை கேட்காமல் போனார்கள்.

ஏறுவதில் உங்களுக்கு நிகர் யாரும் இல்லை. அந்தப் புகழை ஒருவரும் பறிக்க முடியாது. இறங்குவதிலும் புகழ் வேண்டுமென்றால் முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் போடுங்கள், டோர்ஷன் பாரைச் சரிபாருங்கள், இலக்கத்தைப் பதியுங்கள். ராத்திரியில் லயத்துப் பிள்ளைத்தாய்ச்சியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற கார் உங்களுடையதுதான். அவளுக்கு வேண்டியது ஏற்றத்தை வென்ற கார் அல்ல, மிதித்தால் நிற்கிற கார்.