ஐந்து விநாடி வீரன்

சூப்பர் பவர் கதையாச்சே என்று நம்பி, ‘ஷார்லட்’ அனிமே 13 பகுதிகளையும் பார்த்துத் தொலைத்தேன். ஆறுதல் சொல்லுங்களேன்?

கதாநாயகன் யூவின் சக்தியாக முதலில் காட்டப்படுவதே, அடுத்தவர் உடம்புக்குள் 5 விநாடி புகுந்திருப்பதுதான். அதை வைத்து அவன் பரீட்சையில் காப்பியடித்தபோதே நீங்கள் உஷாராகியிருக்க வேண்டாமா? அவன் கூட்டாளி தகாஜோவுக்கு மின்னல் வேகத்தில் ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. எதிலாவது மோதி ரத்தக்களறியோடு வருவான். பின்பாதிக் கதையும் அவன் கூடவே ஓடியிருக்கிறது.

கடைசிப் பகுதி பற்றி?

உலகம் சுற்றி, சக்தி உள்ள அத்தனை பேரிடமிருந்தும் அதைப் பறிக்கிறான் யூ. எல்லாம் ஒரே பகுதியில்! விமான நிலையத்தில் பெட்டி வந்து சேரவே அதைவிட நேரமாகும், ஐயா.

அப்படியென்றால் எழுதிய ஜுன் மயேதாவுக்குக் கதை சொல்லத் தெரியாதா?

ஏழாவது பகுதியை மறுபடி பாருங்கள். தங்கை செத்த துக்கத்தில் கெட்டுச் சீரழியும் யூவுக்கு, அந்தத் தங்கையின் குறிப்பேட்டைப் பார்த்து ஆம்லெட் சோறு செய்து போடுகிறாள் கதாநாயகி தொமோரி. தங்கை உயிரோடு இருந்தவரை அவன் முகம் சுளித்த அதே தித்திப்பு பீட்சா சாஸ். ஒரு வாயிலேயே உடைந்து அழுகிறான். இவ்வளவு தெரிந்த மனிதர், அப்புறம் காலப் பயணம், கடத்தல் கும்பல் என்று ஏன் அலைந்தார்? 2015-லிருந்து எனக்கு இதே ஆதங்கம்.

இரண்டாவது சீசன் வருமா?

கதையில் சக்திகளைத் தரும் வால்நட்சத்திரமே 75 ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. உங்களுக்கு என்ன அவசரம்?