ஒரே வீட்டுத் தாத்தாவும் பேரனும்

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கூபேயையும் இன்றைய பெரிய வேனையும் ஒப்பிட முடியுமா?

பதில்: தாராளமாக! இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் இன்னும் சுலபம். 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான மெர்சிடிஸ் 300 எஸ்எல் தாத்தா. 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்பிரின்டர் வேன் பேரன்.

தாத்தாவுக்கு 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 215 குதிரைத்திறன். பேரனுக்குக் கிடைத்த வி6 டீசலும் அதே 3 லிட்டர், அதே ஆறு சிலிண்டர், 190 குதிரைத்திறன். ஆனால் இழுக்கும் பலத்தில் பேரன் கில்லாடி: தாத்தாவின் முறுக்குவிசை சுமார் 275 நியூட்டன் மீட்டர், பேரனுடையது 440.

300 எஸ்எல்-இன் கதவுகள் சிறகு போல மேலே திறப்பது அலங்காரத்துக்காக அல்ல. வண்டியின் எலும்புக்கூடான குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக ஓடுகிறது. சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. ஏறுகிறவர் அந்த அகலமான திட்டைத் தாண்டிக் காலை உள்ளே விட வேண்டும். அதற்கு வசதியாக ஸ்டீயரிங்கே மடங்கிக் கொடுக்கும். வேனிலோ கதவைத் தள்ளினால் ஒரு குடும்பத்தின் கட்டில், பீரோ எல்லாம் ஏறிவிடும்.

வளைவில்?

தாத்தாவுக்கு டிரம் பிரேக். பின் அச்சின் அமைப்பால், வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் வீசிவிடும். பேரனைச் சறுக்காமல் பிடிக்க மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது.

தீர்ப்பு: கண்ணுக்கு 300 எஸ்எல், மழை நாளில் வீடு மாற ஸ்பிரின்டர்.